கழித்துச் சொன்ன புள்ளிகள்

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பரீட்சை மண்டபத்தில் மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, எல்லாம் எழுதி முடித்தாயிற்று. அந்த இருபது நிமிடத்தை என்ன செய்வது என்று யாராவது உங்களுக்குச் சொல்லித் தந்தார்களா? எனக்குத் தரவில்லை. மற்ற எல்லாவற்றையும் தந்தார்கள். தெரிந்ததை முதலில் செய், தெரியாததைத் தாண்டிப் போ, பரீட்சை எண்ணை, அதுதான் சுட்டிலக்கத்தை, இரண்டு தடவை பார், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகாதே. மிச்ச நேரத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பத்து வயதில் என்னைக் கவிழ்த்தது அந்த மிச்ச நேரம்தான்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையைச் சொல்கிறேன். பஸ் ஓடாத வருஷம் என்றால் நம் செட்டுக்குப் புரிந்துவிடும். மற்றவர்களுக்காக: மாத்தளை டவுனில் கடையை மூடு என்று கிளர்ச்சிக்காரர்களின் துண்டுக் காகிதம் வரும், மூடுவார்கள். திற என்று ராணுவத்தார் துவக்கோடு வருவார்கள், திறப்பார்கள். ரோட்டுக்குக் குறுக்கே மரம் வெட்டிக் கிடக்கும். யார் வெட்டினார்கள் என்று கேட்கக்கூடாது. மேலே மலையில் இருந்த எங்கள் தோட்டத்துக்குச் செய்தி வந்து சேர்வதற்குள் அது பழசாகிவிடும். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். தலைமையாசிரியரான பெரிய சார் டவுனில் இருந்த தன் வீட்டுக்கு இறங்கிப் போனார். போகும்போது மாதிரி வினாத்தாள்களின் ரோனியோ நகல் கட்டு ஒன்றையும் அவற்றின் சரியான விடைகள் அடங்கிய தாள் ஒன்றையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். "ஐயா, எங்க தோட்டத்துல இருந்து இந்த வருஷம் ரெண்டு புள்ளைங்கதான். நீங்கதான் பாத்துக்கணும்."

இரண்டு பிள்ளைகளில் ஒன்று நான். மற்றவள் மேட்டு லயத்து வரிசை வீட்டில் இருந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஒரு அம்மாவின் மகள். இடது கையால் எழுதுவாள், அதனால் அவளை இடக்கைக்காரி என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். இங்கே நானும் அப்படியே எழுதுகிறேன்.

பாஸானால் டவுனில் பெரிய பள்ளிக்கூடம், தங்குவதற்கு விடுதி. இல்லாவிட்டால் தோட்டப் பள்ளிக்கூடம். அது எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும், அதற்குப் பிறகு பெண்பிள்ளைக்கு வீடுதான். அந்த வீட்டை எனக்குப் பிடிக்காது என்று இல்லை. ஆனால் அதைவிட்டு வெளியே போக இருக்கிற ஒரே கதவு இதுதான் என்று பத்து வயதில் எனக்கு மிக நன்றாகவே தெரிந்திருந்தது.

அப்பா கணக்கப்பிள்ளை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று எத்தனை கிலோ என்று உரக்கச் சொல்கிறவர் அவர். தராசு இருபது காட்டினால் அப்பா பதினேழு என்பார். கொழுந்தில் ஈரம் இருக்கும், கூடைக்குக் கனம் இருக்கும், அதற்குக் கழிவு மூன்று. மழைக்குக் கழிப்பதை வெயிலுக்கும் கழிப்பார்.

"காஞ்சு கருவாடாப் போயி நிக்கிறோம், இதுல எங்கங்க ஐயா தண்ணி?" என்று பெண்கள் கேட்பார்கள்.

"ஒன் வேர்வை இல்லையா?" என்பார் அப்பா.

அவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள். அங்கே அப்பாவின் தங்கை முறையான அத்தை ஒருத்தியும் பறித்தாள். அவளுக்கு மட்டும் நான்கு கழியும். "சொந்தத்துக்கு ஒண்ணு கூடக் கழிச்சாத்தான் ஊரு வாய மூடும்" என்பது அப்பாவின் நியாயம். அத்தை எங்கள் வீட்டு வாசலில் காறித் துப்பிவிட்டுத்தான் தண்ணீர் கேட்பாள்.

இந்த மனிதரிடம்தான் வினாத்தாள் கட்டு வந்து சேர்ந்தது.

எங்கள் வீட்டில் பின்னால் சாமான் காம்பரா என்று சாமான் போட்டு வைக்கிற ஒரு அறை இருந்தது. மிளகு மூட்டை ஒன்று, பழைய படங்குச் சாக்குகள், மலைப் பக்கம் பார்த்த ஒரு சன்னல். சன்னலைத் திறந்தால் மண்சுவர் மாதிரி மலை, ஒரு முழம் தள்ளி. அதில் பாசியும் எப்போதும் வடிகிற தண்ணீரும். மிளகின் காரமும் ஈரச்சாக்கின் நாற்றமும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எங்காவது வந்தால் என் கண் முதலில் கதவைத் தேடும், பிறகுதான் மூக்குக்குத் தெரியும். தினமும் காலையில் எங்கள் இருவரையும் உள்ளே விட்டு, தாளைக் கொடுத்து, டைம்பீஸை மூட்டை மேல் வைத்துவிட்டு, அப்பா வெளியே தாழ்ப்பாள் போடுவார். தொந்தரவு வரக்கூடாதாம். அம்மா என்னைத் தண்ணீர் எடுக்கக் கூப்பிட்டுவிடக்கூடாதாம்.

தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தோடு எனக்கு ஒன்றுக்கு வரும். தினமும். இடக்கைக்காரி அதை வைத்தே என்னைக் கிண்டலடிப்பாள்.

"ஒனக்குத் தாழ்ப்பாளுலதான் தண்ணிப் பைப்பு இருக்கு."

"வயிறும் வலிக்குதுடி."

"எனக்குந்தான் வலிக்குது. ரெண்டு பேருக்கும் ஒண்ணா வலிச்சா அது வயித்துவலி இல்ல புள்ள, பரீட்சை."

அவளிடம் வைத்தியம் இருந்தது. பாவாடை ஓரத்தில் முடிந்து கராம்பு கொண்டுவருவாள். நாக்குக்கு அடியில் ஒன்று வைத்துக்கொண்டு, தகரக் கூரையில் மேடு பள்ளத்தை இருபது வரை எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் கராம்பு நாக்கை மரக்கச் செய்துவிடும், நெஞ்சு அடங்கிவிடும். இது வேலை செய்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பின்னால் வேறு வழியில் படித்துப் பெரிய பெரிய பரீட்சைகளுக்குப் போனபோதும் யார் யாரோ சொன்ன மூச்சுப் பயிற்சியெல்லாம் செய்து பார்த்தேன், கராம்புக்குப் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. அவளுடைய மற்ற வைத்தியங்கள் அவ்வளவு நம்பகமானவை அல்ல.

"தெரியாட்டி மூணாவது விடைக்குக் கோடு போடு," என்பாள்.

"ஏன்?"

"சரியான விடைய மொதலாவதுல வெக்கப் பயப்படுவாங்க. கடைசில வெச்சா கண்டுபிடிச்சிருவாங்கன்னு நெனப்பாங்க."

"அப்ப ரெண்டாவது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டாவது பாவம். விட்டுரு."

ஒரு தாளில் ஐம்பது வினா, ஒன்றுக்கு இரண்டு புள்ளி. பெரிய சார் சொல்லித் தந்திருந்த முறைப்படி நான் வேகமாகச் செய்வேன். பொழுதெல்லாம் அடைத்து வைத்தால் பிள்ளை வேறென்ன செய்யும்? சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் திறப்பார்கள் என்ற ஆசை. திறக்கமாட்டார்கள். டைம்பீஸ் மணி அடித்தால்தான் தாழ்ப்பாள்.

பின்னேரக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து அப்பா தாள்களைத் திருத்துவார். தாளைத் திருப்பித் தரமாட்டார். கையில் கிடைத்தால் மனப்பாடம் செய்துவிடுவோமாம், டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். எது பிழை என்றும் சொல்லமாட்டார். எந்தக் கொழுந்தில் தண்ணீர் இருக்கிறது என்று தராசடியில் யாரும் கேட்பதில்லையே. வாசலில் நின்றபடி உரக்க எண்ணை மட்டும் சொல்வார்.

"இடக்கைக்காரி எழுவத்தாறு. பாப்பா அறுவத்தெட்டு."

அடுத்த நாள் அவள் எழுபத்தெட்டு, நான் எழுபது. அதற்கடுத்த நாள் அவள் எழுபது, நான் அறுபத்திரண்டு. அவள் கீழே வந்தாலும் நான் அவளுக்கும் கீழே போனேன்.

நான் பிறகுதான் அறிந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவளுடைய புள்ளி உண்மையான புள்ளி. ஊரார் பிள்ளைக்குக் கழித்தால் பாவம் என்று அப்பா அதை அப்படியே சொன்னார். என்னுடையதில் தினமும் ஏழு வினாவுக்கு உரிய பதினான்கைக் கழித்துவிட்டுச் சொன்னார். அறுபத்தெட்டு என்று நான் கேட்டு அழுத நாளில் நான் எடுத்தது எண்பத்திரண்டு.

நான் அழுதேன், சாப்பாட்டைத் தள்ளினேன், நகத்தை ரத்தம் வரக் கடித்தேன். அம்மாவுக்குத் தெரியுமா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். ஒரு நாள் அடுப்படியில் அவள் சொன்னது காதில் விழுந்தது: "புள்ள மெலிஞ்சு போகுதுங்க. நல்லதா ஒரு வார்த்தை சொன்னா என்ன?" அப்பாவின் பதில்: "நல்லதாச் சொன்னா நாளைக்குக் கூடை பாதியோட வரும்." அம்மா ஊதாங்குழலை எடுத்து ஊத ஆரம்பித்தாள்.

பரீட்சையைத் தள்ளிப் போட்டார்கள். ரேடியோவில் சொன்னார்கள். விடுதலை என்று துள்ளினேன். அடுத்த காலை தாழ்ப்பாள் வழக்கம் போல விழுந்தது. மறுபடி தேதி வந்தது, மறுபடி தள்ளிப் போட்டார்கள். தாள் கட்டு முடிந்தபோது அப்பா வினாக்களை வேறு காகிதத்தில் தலைகீழ் வரிசையில் எழுதிக் கொடுத்தார். பரீட்சை எழுதுவது கஷ்டம் என்பார்கள். எழுத விடாமல் தயாராகவே வைத்திருப்பது அதைவிடக் கஷ்டம், இதை அந்த வருஷத்துப் பிள்ளைகள் மட்டும்தான் சொல்ல முடியும். கனவில்கூட நான் எழுபதைத் தாண்டவில்லை.

ஒரு வழியாக நாள் வந்தது. பஸ் இல்லை, கொழுந்து லொறியில் போனோம். இடக்கைக்காரியின் அம்மா வஹகோட்டை அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு, ஒரு மெழுகுதிரியை முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள். ரோடு திறந்த பிறகு போய் ஏற்றுவாளாம். என் அம்மா திருநீறு பூசிவிட்டாள், அவசரத்தில் கண்ணிலும் கொஞ்சம் விழுந்தது. லொறியில் தேயிலைத் தூசியில் குந்திக்கொண்டு அப்பா கடைசிப் பாடம் நடத்தினார். சுட்டிலக்கம், தெரிந்தது முதலில், நேரத்தைப் பார். எல்லாம் சொல்லிவிட்டு, என்னை ஊக்கப்படுத்துவதாக நினைத்து இதையும் சொன்னார்:

"பாப்பா, அவ ஒன்னவிட எட்டு கூட. ரோசம் இருந்தா அவளப் பாத்து நட."

இடக்கைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பெருமையா வெட்கமா தெரியவில்லை.

மண்டபத்தில் எனக்கு முன்வரிசையில், இடப்பக்கமாகத் தள்ளி அவள். இடது கையால் எழுதுகிறவர்கள் தாளை ஒரு பக்கம் சாய்த்து வைப்பார்கள். அவளுடைய கை அவள் தாளை என்னிடமிருந்து மறைக்கவே இல்லை. நான் பார்க்க நினைத்து உட்காரவில்லை. முதல் நாற்பது நிமிடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கராம்பு நாக்கடியில், ஐம்பதும் முடிந்தது. நிமிர்ந்தேன். கடிகாரத்தில் இருபது நிமிடம் மிச்சம்.

அந்த இருபது நிமிடம் தாழ்ப்பாள் போட்ட காம்பரா மாதிரியே இருந்தது. எழுந்து போக முடியாது. ஒன்றும் செய்யாமல் இருக்கவும் முடியாது. வேகமாக முடித்திருக்கிறாயே, அறுபத்தெட்டுக்காரி இவ்வளவு வேகமாகவா முடிப்பாள்? எங்கேயோ பெரிய பிழை இருக்கிறது. எங்கே? அப்பா ஒரு நாளும் எங்கே என்று சொல்லவில்லை. ஆகவே எங்கேயும் இருக்கலாம்.

பார்த்தேன்.

ஒரு வினா இன்னும் நினைவில் இருக்கிறது. பொருந்தாததற்குக் கோடிடுக: மிளகு, மஞ்சள், ஏலம், கராம்பு. எங்கள் அடுப்படிக்குப் பின்னால் மஞ்சள் கிண்டி எடுத்தவள் நான். மண்ணுக்குக் கீழே விளைவது அது ஒன்றுதான். மஞ்சளுக்குக் கோடு போட்டிருந்தேன். அவள் ஏலத்துக்குப் போட்டிருந்தாள். எழுபத்தெட்டுக்காரி. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஏலத்தில் இருக்க வேண்டும்.

அழித்தேன். பாதி சிவப்பும் பாதி நீலமுமாக ஒரு அழிறப்பர் அப்போது எல்லாப் பிள்ளைகளிடமும் இருந்ததே, அதன் நீலப் பக்கம் தாளைக் கிழிக்கும். அவசரத்தில் நீலப் பக்கத்தால் தேய்த்துவிட்டேன். தாள் பொத்தலாகப் போவதைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. மேற்பார்வைக்கு வந்தவர் பல்லேபொலப் பக்கத்துச் சிங்கள டீச்சர். சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து தலையில் கை வைத்தார். "பயவென்ன எபா, துவே" என்றார். பயப்படாதே மகளே என்று அர்த்தம். தன் கைப்பையிலிருந்து மெத்தென்ற வெள்ளை அழிறப்பர் ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். விடை தெரியாமல் அழுகிறேன் என்று நினைத்திருப்பார். அவ்வளவு நல்ல அழிறப்பரை அதற்கு முன் நான் தொட்டதில்லை. அது சுவடு இல்லாமல் அழித்தது. அதை வைத்து இன்னும் எட்டு விடைகளை அழித்தேன். ஒன்பதையும் இடக்கைக்காரியின் தாளில் இருந்தபடி மாற்றிக் கோடு போட்டேன். மணி அடித்தது.

இரண்டாம் தாளில் கட்டுரை. முதல் தாளில் செய்ததே மனசில் ஓடிக்கொண்டிருந்ததில் பாதியில் நின்றுவிட்டது. அவள் பக்கம் தாண்டி எழுதிக்கொண்டிருந்தாள்.

முடிவு வந்தபோது பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. இடக்கைக்காரி பாஸ். எனக்கு ஆறு புள்ளி குறைவு. பெரிய சார் பிறகு கொண்டுவந்த அந்தப் பரீட்சையின் வினாத்தாளையும் விடைகளையும் வைத்துப் பார்த்தேன். ஒன்பதில் ஏழுக்கு நான் முதலில் போட்டதுதான் சரி.

அவள் சொல்லிவிட்டுப் போக வந்தாள். புதுச் சப்பாத்து கடித்து நொண்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அவள்மேல் கோபப்படக்கூட வழியில்லை, திருடியது நான். ஒன்றை மட்டும் கேட்டேன்.

"அந்த மசாலா கேள்விக்கு ஏன்டி ஏலம் போட்ட?"

"மத்த மூணும் எங்க வீட்டுல இருக்கு," என்றாள். "ஏலம் நாங்க எங்க வாங்குறது?"

அதற்கு இரண்டு நாள் கழித்துப் பெரிய சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் சாமான் காம்பராவில் இருந்தேன். யாரும் அடைக்கவில்லை, நானாகப் போய் உட்கார்ந்துகொள்ளப் பழகியிருந்தேன். பேச்சு கேட்டது.

"எப்படிங்க ஐயா இது? வீட்டுல எவ்வளவு எடுத்துச்சு?"

"எண்பதுக்குக் கீழ எறங்குனது ஒண்ணு ரெண்டு நாள்தான் சார்."

"நீங்க அறுவத்தெட்டுன்னு சொன்னதாவுல்ல இடக்கைக்காரி சொல்லிச்சு?"

"ஏழு கேள்வி கழிச்சுத்தான் சொல்லுவேன் சார். தலைக்கனத்துக்கு அஞ்சு, சொந்தம்கிறதுக்கு ரெண்டு."

பெரிய சார் தேநீரைக் குடிக்காமலே போனார்.

நான் எழுந்து முன்னறைக்குப் போனேன். அப்பாவை அவ்வளவு பக்கத்தில் நின்று நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவரை இப்போது திட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. குறைத்துச் சொன்னால் ஆட்கள் கூடப் பறிப்பார்கள் என்று அவருக்கும் யாரோ மேலே இருந்தவர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒன்றை வைத்தே அவர் ஒரு மலையை நடத்தினார், ஒரு மகளையும் நடத்தப் பார்த்தார். ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது.

"தாளெல்லாம் வேணும்," என்றேன்.

"எதுக்கு பாப்பா இப்ப? முடிஞ்சு போச்சே."

"வேணும்."

பெட்டியைத் திறந்தார். தாள்களில் ஒரு சரிக்குறிகூட இல்லை. மேலே ஒரு எண், அவ்வளவுதான். பெரிய சார் தந்த சரியான விடைகளின் தாளை நான் பிடித்துக்கொண்டேன். அவர் சிவப்புப் பேனாவோடு கீழே உட்கார்ந்தார். நான் விடையை வாசிக்க வாசிக்க அவர் சரி போட்டுக்கொண்டே வந்தார். முதல் தாள் எண்பத்திரண்டு வந்தது. இரண்டாவது எண்பத்துநான்கு. மூன்றாவது தாளில் நான் இருபத்திரண்டாம் வினாவுக்கு முதல் விடை என்று வாசித்தேன். தாளில் நான் போட்டிருந்தது மூன்றாவதற்குக் கோடு. அப்பா சரி போட்டார்.

"அது பிழை அப்பா."

"பரவால்ல. கிட்டத்தட்டச் சரிதான்."

இருபத்தாறும் பிழை. அதற்கும் சரி போட்டார். அவருடைய கை வேகமாக ஓடியது. அவர் தாளைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு குறைத்தார், இப்போது கூட்டுகிறார். இந்த மனிதரிடமிருந்து எனக்கு ஒரு நாளும் சரியான எண் வராது என்று அப்போது புரிந்தது. அழுகை வரவில்லை.

அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். அவர் தடுக்கவில்லை. இருபத்திரண்டில் இருந்த சரியை அடித்துப் பிழை போட்டேன். இருபத்தாறிலும் போட்டேன். மிச்சத்தை நானே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். அப்பா முட்டியைக் கட்டிக்கொண்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறவர்களைப் போலப் பக்கத்தில் காத்திருந்தார்.

"எவ்வளவு வருது?" என்று கேட்டார்.

"எழுவத்தாறு."

"அவ்வளவுதானா?"

"இதுல அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.